அகப்பட்டவருக்கு ஓர் அம்பயர் கையேடு

அம்பயராக வேண்டும் என்று ஆசைப்பட்டு அம்பயரான ஒருவரையும் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எல்லோரும் அகப்பட்டவர்கள்தான். நான் அகப்பட்டது ஒரு கோயில் கொடையின்போது. கொடையை ஒட்டி வாலிபால் டோர்னமென்ட், காலை ஒன்பதுக்கு முதல் மேட்ச். வர வேண்டிய அம்பயர் சார் பஸ் ஏறிவிட்டார் என்று எட்டு மணிக்கே மைக்கில் சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கும் அவர் அந்த பஸ்ஸிலேயேதான் இருந்தார். கமிட்டிக்காரர்களின் பார்வை மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, சுளுக்கிய கணுக்காலில் துணியைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் கடலை தின்றுகொண்டிருந்த பதினாறு வயதுப் பையன்மேல் நின்றது.

"தம்பி, சும்மாதான இருக்க?"

இந்தக் கேள்விக்குத் தப்பிக்கிற பதில் ஏதாவது உண்டா என்று முப்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "இல்ல" என்றால் பொய். "ஆமா" என்றால் கொடி கைக்கு வந்துவிடும். ஆகவே கிளப்பில் ஆடும் இளைஞர்களுக்கு என் தலையாய அறிவுரை: அடிபட்டால் வீட்டிலேயே கிடங்கள். மைதானத்துக்கு வந்துதான் தீருவேன் என்பவர்களுக்கு மட்டும் மீதிக் கையேடு.

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், ராத்திரி எப்படி வீடு திரும்புவது என்பது. நோட்டீஸில் 'மாபெரும் மின்னொளி' என்று அச்சடித்திருந்தால் ஃபைனல் முடிய இரண்டு மணி ஆகும். கடைசி டவுன் பஸ் ஒன்பதே காலுக்குப் போய்விடும். பைக் வைத்திருக்கும் நண்பன் லீக்கிலேயே தோற்ற கடுப்பில் சாயங்காலமே கிளம்பியிருப்பான். மிச்சமிருப்பவை டீம் வேன்கள். ஜெயித்த டீமின் வேனில் ஏறினால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேம்லா" என்று ஊர் முழுக்க ஒரே குரலில் சொல்லும். தோற்ற டீமின் வேனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பையில் இருக்க வேண்டியவை: சொந்த விசில், டாஸ் போட ஒரு காசு, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, தண்ணீர், ஒரு சின்னக் குப்பி கோடாலித் தைலம். தைலம் எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியாது. இந்தத் தொழிலில் என்னை இழுத்துவிட்ட பி.டி. மாஸ்டர் வைத்திருந்தார், நானும் வைத்துக்கொண்டேன். டாஸ் போட்ட காசை மட்டும் நீங்களே குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன்கள் எடுத்துத் தர மாட்டார்கள்; எடுத்தால் தர மாட்டார்கள்.

யாரும் எடுத்த எடுப்பில் மேலே ஏற முடியாது. முதலில் கோடு. பெரிய போட்டிகளில் லைன்ஸ்மேன்கள் நான்கு பேர், ஆளுக்கு நாற்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கொடி. எங்களிடம் இரண்டு பேர். கொடி, கோயில் தோரணத்தில் கிழித்தது. பந்து உள்ளே விழுந்தால் கொடி தரையைக் காட்ட வேண்டும். வெளியே விழுந்தால் நேராக மேலே. யார் கையிலாவது பட்டு வெளியே போனால் கொடியை நிமிர்த்தி அதன் உச்சியில் மறு உள்ளங்கையை வைக்க வேண்டும். சர்வீஸ் போடுபவர் கோட்டை மிதித்தாலோ, பந்து ஆன்டெனாவில் பட்டாலோ, கொடியைத் தலைக்கு மேல் வீசி ஆட்டி, மிதித்த இடத்தை அல்லது ஆன்டெனாவைச் சுட்டிக்காட்ட வேண்டும். இவை தவிர ஐந்தாவதாக ஒரு சைகையும் புத்தகத்தில் உண்டு. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்தால், 'எனக்குத் தெரியவில்லை, மறைத்துவிட்டது' என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அதை எங்கள் பக்கத்தில் ஒருவரும் காட்டி நான் பார்த்ததில்லை. பார்க்காதவர் என்று எங்கள் ஊரில் யாரும் கிடையாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட 'அவுட்டு' என்று தெளிவாகப் பார்த்திருப்பார்.

கோடு ஐந்து சென்டிமீட்டர் அகலம். அதில் துளி பட்டாலும் பந்து உள்ளேதான். இது சிமென்ட் தரைக்காரர்களுக்கு. எங்கள் தரை செம்மண். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மத்தியானக் காற்று ஊதிக்கொண்டு போய்விடும். அதனால் நைலான் கயிற்றை இழுத்துக்கட்டி ஆணி அடித்திருப்பார்கள். கயிறு துள்ளினால் இன், துள்ளாவிட்டால் சண்டை. கயிறு எப்போது துள்ளும் என்பதைப் படிப்பது ஒரு தனிக் கலை. பந்து பட்டால் துள்ளும். ஆட்டக்காரர் கால் தட்டினாலும் துள்ளும். கோட்டை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், தன் பேரன் அடித்த பந்து வரும்போது பெருவிரலால் லேசாக ஒரு சுண்டு சுண்டினாலும் துள்ளும். ஆகவே பெரியவர்களின் கால்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கோட்டில் நிற்கிறவன் செய்யக் கூடாத ஒன்றை நான் முதல் நாளே செய்துவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் எங்கள் கிளப்பின் ஆட்டம். சொந்த கிளப் ஆட்டத்தில் கொடி பிடிக்கக் கூடாதுதான். வேறு ஆள் இல்லை. அன்றைக்குப் பழைய கணக்கு: பதினைந்து பாயின்ட், சர்வீஸ் வைத்திருப்பவருக்கு மட்டுமே பாயின்ட். எங்களுக்குப் பதினான்கு, அவர்களுக்குப் பதிமூன்று, சர்வீஸ் எங்கள் கையில். எங்கள் கிளப்பின் பெரிய அடிகாரர், நான் அண்ணே அண்ணே என்று சுற்றிக்கொண்டிருந்தவர், கோட்டை ஒட்டி ஒன்று இறக்கினார். என் கொடி கீழே போய்விட்டது. பந்து அப்போது தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

மேலே நின்ற பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு முன்னங்கைகளையும் உயர்த்தி 'அவுட்' காட்டினார். சர்வீஸ் மாறியது. லைன்ஸ்மேன் சொன்னதைத் தள்ளும் அதிகாரம் மேலே இருப்பவருக்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செட் முடிந்ததும் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கயிற்றோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். காலையில் தண்ணீர் தெளித்த மண், அந்த ஓரத்தில் இன்னும் ஈரம். பந்து விழுந்த இடம் சின்னத் தட்டு மாதிரி பதிந்திருந்தது. பந்தின் தையல்கோடுகூடத் தெரிந்தது. தடத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே தன் விரல்களை வைத்தார். நாலு விரல் இறங்கியது. "பந்து விழுந்த பொறவுதாம்ல கொடி விழணும். உன் கொடி முதல்ல விழுந்துட்டு" என்றார். பிறகு எழுந்து, வேறு யாரும் பார்ப்பதற்குள், காலால் அந்தத் தடத்தை அழித்துவிட்டுப் போனார். அந்த அடிகார அண்ணன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

விதிப் புத்தகத்தைப் பற்றி: வாசிக்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். வாசித்துவிட்டால் இத்தனை நாள் நீங்கள் கத்திய கத்தெல்லாம் வீண் என்று தெரிந்துவிடும். பந்து காலில் பட்டால் ஃபவுல் என்று ஊரே சொல்லும். உடம்பில் எங்கே பட்டாலும் செல்லும் என்று வந்து எவ்வளவோ காலமாகிறது. சர்வீஸ் வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள். அதுவும் இப்போது நல்ல சர்வீஸ்தான். பிளாக்கில் பட்ட பந்து மூன்று அடியில் ஒன்றாகக் கணக்கில் சேராது. பிளாக் போட்டவரே அடுத்த அடியும் அடிக்கலாம். நடுக்கோட்டைத் தாண்டிக் கால் போனாலும், பாதத்தில் கொஞ்சமாவது கோட்டின்மேல் இருந்து, எதிராளிக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் தப்பில்லை. எதிரணியின் அடியை எடுக்கிற முதல் தொடுகையில், ஒரே அசைவாக இருந்தால், பந்து அடுத்தடுத்து இரண்டு இடத்தில் பட்டாலும் டபுள் கிடையாது. இந்தக் கடைசி விதிக்காக மட்டும் நான் மூன்று ஊர்களில் வசவு வாங்கியிருக்கிறேன். "டபுள் டச்சு அம்பயர்!" என்று இருநூறு பேர் கத்தும்போது, இல்லை என்று கையை விரித்து நிற்பவன் ஒன்று விதி தெரிந்தவனாக இருக்க வேண்டும், அல்லது காது கேளாதவனாக. ஜனம் இரண்டாவதைத்தான் நம்பும்.

1998ல் கணக்கே மாறியது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும் பாயின்ட், செட்டுக்கு இருபத்தைந்து, கடைசி செட்டுக்குப் பதினைந்து என்றானது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரச் சில வருடங்கள் பிடித்தன. இன்றைக்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் "சைடு அவுட்தான குடுக்கணும், பாயின்ட்டு எப்படிடே குடுப்ப?" என்று ஏணிக்கடியில் வந்து நிற்கிறார். 1986ல் சியோலில் இந்தியா வெண்கலம் வாங்கிய ஆட்டத்தை, அந்த அணியின் ஆறு பேரில் தானும் ஒருவர் என்பதுபோல விவரிப்பவர் அவர். அவருக்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அப்ப உள்ள ஆட்டம் இப்ப எங்க தாத்தா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுங்கள். பொய்யும் இல்லை.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஜி. மார்கன். அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் 1895ல். கூடைப்பந்தின் முட்டல் மோதல் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காகச் செய்தது. ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இருக்க நடுவில் வலை. முதலில் வைத்த பெயர் மின்டனெட். நல்ல மனிதர், சமாதானத்தை விரும்பியவர். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்க நடுவில் ஓர் ஆள் தேவைப்படும் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

விசிலை இரவல் வாங்காதீர்கள். இரவல் விசிலில் முந்தின அம்பயரின் வெற்றிலைச் சாறு ஊறியிருக்கும். உள்ளே உருண்டை ஓடும் விசில் எச்சில் பட்டதும் தவளைபோல் கரகரக்கும். உருண்டை இல்லாதது தேவலை. எதுவானாலும் ஊதப் பழக வேண்டும். புதிதாக ஊதுபவனின் விசில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வரும். ஒரு டீம் அதைக் கேட்டு நின்றுவிடும், மற்ற டீம் கேட்காமல் அடித்துவிடும், அப்புறம் பாயின்ட் யாருக்கு என்பதை ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். குட்டையாக, கெட்டியாக, ஒரே ஊது. நான் பழகியது குளத்தங்கரையில், விடியற்காலையில். குளத்தை ஒட்டி ரோடு என்பதை யோசிக்கவில்லை. ஆறரை மணி டவுன் பஸ் போகும்போது நன்றாக ஒரு விசில் அமைந்துவிட்டது. பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, "எவம்ல அது?" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். பதற்றத்தில் நான் இரண்டு ஊதிவிட்டேன். பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

விசில் வந்துவிட்டதா, மேலே ஏறலாம். நிற்பவரின் கண் வலைக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆண்கள் வலை 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நகரத்து ஸ்டேடியங்களில் இதற்கென்றே திண்டு வைத்த ஸ்டாண்ட் உண்டு. எங்களுக்கு இரண்டு டீசல் டிரம், அவற்றின்மேல் பந்திக்குப் போடும் பெஞ்சு, பக்கத்தில் பனையேறி ஒருவரிடம் வாங்கிய ஏணி. ஏறும்போதே பெஞ்சை ஆட்டிப் பார்த்துவிடுங்கள். டிரம்மைப் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார். அவர் எந்த டீமுக்கு வேண்டியவர் என்று விசாரித்துவிட்டு ஏறுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு மின்னொளி ஆட்டம் என்றால் ஈசல் வரும். விளக்கைச் சுற்றும், பிறகு உங்களைச் சுற்றும். விசில் ஊத மூச்சை இழுக்கும்போது வாயில் ஒன்று போகும். அந்த நேரத்தில் நெட் டச் நடக்கும். இருமலை நான் ஒருமுறை விசிலாக ஊதி, அதற்கு ஒரு பாயின்ட்டும் கொடுத்திருக்கிறேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருமல் அவ்வளவு உறுதியாக வந்திருக்க வேண்டும்.

சைகைகளில் வரிசை முக்கியம். விசில், அடுத்த சர்வீஸ் யாருக்கு என்று கை, அப்புறம்தான் என்ன தப்பு என்பது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். தப்பைக் காட்டிவிட்டு யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிற அந்த ஒரு விநாடியில் இரண்டு டீமும் கையைத் தூக்கிவிடும். டபுளுக்கு இரண்டு விரல், நாலு அடிக்கு நாலு விரல், விசில் ஊதி எட்டு விநாடிக்குள் சர்வீஸ் போடாவிட்டால் எட்டு விரல். இடம் மாறி நின்றால் ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம். ஹோல்டிங்குக்கு உள்ளங்கையை மேலே பார்த்து, முன்னங்கையை மெதுவாக உயர்த்த வேண்டும். இதை வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகுவதானால் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். நான் தாழிடவில்லை. எங்கள் அம்மா பார்த்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமையே திருநீறு போட ஆளைக் கூட்டிவந்தாள்.

இரண்டு கட்டை விரலையும் ஒன்றாக உயர்த்தினால் 'மறுபடி ஆடுங்கள்'. அகப்பட்ட அம்பயருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. ஒன்றுமே புரியாதபோது கட்டை விரலைத் தூக்கிவிடலாம். ஒரு செட்டில் இரண்டு தடவைக்கு மேல் தூக்கினால் ஜனம் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது தடவை, கூட்டத்தில் எல்லோரும் உங்களோடு சேர்ந்து கட்டை விரலைத் தூக்குவார்கள்.

இதெல்லாம் மனப்பாடம் செய்தால் வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. பந்தைப் பார்க்காமல் இருப்பது.

கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து "பந்தப் பாருல, பந்தப் பாரு" என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள். மேலே ஏறிய பிறகு அந்தப் பழக்கம்தான் எமன். செட்டர் தூக்கிய பந்து அழகாக எழும்பும், உங்கள் கண்ணும் கூடவே எழும்பும், அதற்குள் செட்டரின் கையில் நடந்த தப்பு நடந்து முடிந்திருக்கும். 'பந்து சுத்துது, டபுள்' என்று கத்துவார்கள். சுற்றுவதால் மட்டும் டபுள் ஆகாது. ஒரு கையில் கொஞ்சம் முந்திப் பட்டதா என்பதைக் கையில் பார்க்க வேண்டும், காற்றில் தேடக் கூடாது. அடி விழுந்த பிறகு இன்னும் மோசம். மைதானத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் பந்துக்குப் பின்னால் ஓடும். அம்பயரின் கண் வலையிலேயே நிற்க வேண்டும். "பந்து எங்க போனா உனக்கென்ன? விழுற எடத்துல கொடிக்காரன் நிக்கான். நீ வெரலப் பாரு" என்பார் மாஸ்டர். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் 1920ல் தொடங்கிய அந்தக் கல்லூரியைப் பற்றி, தன் தாத்தா கட்டிய வீடு மாதிரி பேசுவார்.

விரலைப் பார்ப்பது லேசில்லை. பிளாக்கில் எழும்பும் ஆறு கைகள், முப்பது விரல்கள், அதில் ஒன்றின் நுனி. நன்றாகப் பட்டால் பந்தின் போக்கே மாறும், குழந்தைகூடச் சொல்லிவிடும். உரசிக்கொண்டு போகிறதே, அதற்கு அடையாளம் இரண்டுதான். விரல் பின்பக்கம் ஒரு துளி வளைந்து திரும்பும். அல்லது தரையிறங்கியதும் அந்த ஆளின் முகம். படாதவன் பந்தைப் பார்ப்பான். பட்டவன் என்னைப் பார்ப்பான். இந்த இரண்டாவது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது, இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டக்காரர்களைவிடக் கஷ்டம் சொந்தக்காரர்கள். விதிப்படி அம்பயரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் இருக்கும் கேப்டனுக்கு மட்டும். எங்கள் ஊரில் கேப்டன் பேசவே மாட்டார். அவருக்கு முன்னால் பேசப் பத்துப் பேர் இருப்பார்கள். சுழற்கோப்பைக்கு 5,001 ரூபாய் கொடுத்தவர் பேசுவார். அவர் அழைத்துவந்த மைத்துனர் பேசுவார். மைக்காரர், "அம்பயர் அவர்களின் தீர்ப்பை ரசிகப் பெருமக்கள் பொறுமையோடு ஏற்றுக்கொள்ளுமாறு" என்று இழுக்கிற இழுப்பிலேயே தீர்ப்பு தப்பு என்று சொல்லிவிடுவார். இப்போதைய விதியில் மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு பாயின்ட்டும் சர்வீஸும். எங்கள் மாமாவுக்கு நான் மஞ்சள் காட்டியிருக்கிறேன். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவர். வலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே என் பார்வையைப் பற்றிச் சில வார்த்தை சொன்னார். "மாமா, வேண்டாம்" என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார். அட்டையை எடுத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எங்க அக்கா மவன் எனக்கே கார்டு காட்டுதான்" என்றார். கோபமா பெருமையா என்று இன்றுவரை தெரியவில்லை. பொங்கல் படி மட்டும் அந்த வருடம் பத்து நாள் தாமதமாக வந்தது.

கீழே நிற்கும் இரண்டாவது அம்பயர் வேலை சொகுசு. நெட் டச், நடுக்கோடு, சர்வீஸை எடுக்கும் டீமின் ரொட்டேஷன் எல்லாம் அவர் பார்ப்பது. அவர் எதற்கு நிற்கிறார் என்றே பாதிப் பேருக்குத் தெரியாததால் யாரும் திட்டுவதில்லை. அதைவிடச் சொகுசு ஸ்கோர் ஷீட். கையெழுத்து நன்றாக இருந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் டீமில் ஆடுகிற ஒரு தங்கச்சிதான் இப்போது ஷீட் எழுதுகிறாள். ரொட்டேஷன் தகராறு வந்தால், ஒன்றிலிருந்து ஆறுவரை ரோமன் எண் போட்ட கட்டங்களில் விரலை வைத்து, "இவரு சர்வீஸ் போட்டாச்சு, அடுத்தது இவரு" என்று தலை நிமிராமல் சொல்வாள். மீசை வைத்த கேப்டன்கள் சரி என்று திரும்பிப் போவார்கள். எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இனி அந்த வேன்.

ஐந்து செட் ஃபைனல், நான் மேலே ஏறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது செட், எட்டில் பக்கம் மாறி, பதினான்குக்குப் பதிமூன்று. ராத்திரி ஒன்றரை மணி. பின்தங்கியிருந்த டீமில் இரண்டு பேர் பிளாக்குக்கு எழும்பினார்கள். வந்த அடி அவர்களைத் தாண்டி, பின்கோட்டுக்கும் அப்பால், டியூப் லைட் கட்டிய கம்பத்தில் போய் மோதியது. கொடிக்காரர் கொடியை மேலே தூக்கிவிட்டார்: அவுட். பிளாக் போட்ட டீம் கட்டிப்பிடித்துக் குதிக்கிறது, பதினான்கு சமம் என்று. நான் பந்து போன இடத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் எழும்பிய பையனின் சுண்டு விரல் பின்னால் போய் வந்தது. ஊதினேன். எதிரணிப் பக்கம் கையை நீட்டினேன். இடது கையின் விரல்களை நிமிர்த்தி வலது உள்ளங்கையால் தடவிக் காட்டினேன்: டச். ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத இந்தக் கையேட்டில் இடமில்லை. டிரம் ஒன்று உருண்டது என்று மட்டும் சொல்லலாம். தோற்ற கேப்டன், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஷீட்டில் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது. கமிட்டியில் ஒரு துண்டும், கவரில் இருநூற்றி ஒரு ரூபாயும் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற வண்டி ஒன்றே ஒன்றுதான் நின்றது.

தோற்ற டீமின் வேனில் ஏறும்போது கவனிக்க வேண்டியவை: ஏறட்டுமா என்று கேட்காதீர்கள், ஏறிவிடுங்கள். டிரைவருக்குப் பின்னால் உட்காராதீர்கள், அங்கே கேப்டன் இருப்பார். துண்டு தோளில் இருந்தால் பைக்குள் வையுங்கள். உங்களைத் தாண்டிப் பரோட்டா பொட்டலம் கைமாறிப் போகும். கை நீட்டாதீர்கள், பசிக்கவில்லை என்பதுபோல் வெளியே பாருங்கள். வெளியே பனை மரங்களைத் தவிர ஒன்றும் இருக்காது. யாராவது "சில பேருக்குக் கண்ணு நல்லாவே தெரியுது போல" என்பார்கள். அது உங்களுக்குத்தான். தூங்குவதுபோல் இருங்கள்.

ஒரு அரை மணி நேரத்தில் பேச்சு அடங்கியது. என் பக்கத்தில் இருந்த பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஏறியதிலிருந்து வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டே வந்தான். பரோட்டாவைக்கூட இடது கையால்தான் வாங்கினான். எதிரே லாரி ஒன்று வந்தது. அந்த வெளிச்சத்தில் கையை எடுத்து ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். சுண்டு விரல் நடுமுட்டியில் வீங்கி, சின்னக் கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

"அண்ணே," என்றான், காற்றில்தான் கேட்டது. "தைலம் ஏதும் இருக்கா?"

குப்பியை எடுத்து மூடியைத் திறந்தேன். வேன் முழுக்க வாசனை ஏறிவிட்டது. தூங்கிவிட்டார் என்று நான் நினைத்திருந்த கேப்டன், முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்:

"யாருக்குல அடி?"

"ஒருத்தருக்கும் இல்லண்ணே," என்றான் பையன். "அம்பயர் அண்ணனுக்குத் தலவலியாம்."

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். நெற்றியிலும் கொஞ்சம் தேய்த்துக்கொள்வது நல்லது.